சிவப்பு வளையம் ஒரு நாள் பெரிது, மறுநாள் சிறிது: விதையுறை மியூசிலேஜ் அளவீட்டில் எங்கே பிழை?

தளிர்:

அனைவருக்கும் வணக்கம். முதுநிலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்காக அரபிடாப்சிஸ் என்ற சிறு கடுகுக் குடும்பச் செடியின் விதையுறை மியூசிலேஜை, அதாவது நீரில் நனைந்ததும் விதையைச் சுற்றி உப்பும் வழவழப்பான கூழை, அளந்து வருகிறேன். கொலம்பியா என்ற இயல்வகையையும் (மரபணு மாறாத வகை), செல்லுலோஸ் உருவாக்கும் நொதிகளுள் ஒன்றான செசா5 பழுதுபட்ட சடுதிமாற்ற வகையையும் ஒப்பிடுவதே பணி. கூடவே, கடையில் வாங்கிய சப்ஜா விதையையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். 24 குழித் தட்டில் குழிக்கு முப்பது விதை வீதம் இட்டு, 500 மைக்ரோலிட்டர் நீர் ஊற்றி, ஷேக்கரில் ஒரு மணி நேரம் ஆட்டுகிறேன். பிறகு அந்த நீரை உறிஞ்சி நீக்கிவிட்டு, 0.01 விழுக்காடு ருத்தேனியம் ரெட் என்ற சிவப்புச் சாயக் கரைசலில் பதினைந்து நிமிடம் விட்டு, ஒருமுறை கழுவி, ஸ்டீரியோ நுண்ணோக்கியில் படமெடுத்து, இமேஜ்ஜே மென்பொருளில் வளையத்தின் பரப்பையும் விதையின் பரப்பையும் அளந்து விகிதம் காண்கிறேன்.

செப்டம்பரில் எடுத்த படங்களில் இயல்வகை விதையைச் சுற்றி அகலமான, சீரான, ரோஜா நிற வளையம் இருக்கிறது. நவம்பரில் அதே குப்பியிலிருந்து எடுத்த அதே விதைக்கு வளையம் ஒடுங்கி வெளிறிப்போய்விட்டது. இரண்டு குழிகளில் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. விதை பழையதாகிவிட்டது, புதிதாக விளைவித்துக்கொள் என்று வழிகாட்டி சொல்கிறார். அதற்கு மூன்று மாதமாவது ஆகும். ஏப்ரலில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். உண்மையிலேயே விதைதான் காரணமா?

பழைய பிப்பெட்:

விதையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் மற்றவற்றை விசாரிக்கலாம். உலர்வாக, குளிர்ச்சியாக வைத்த அரபிடாப்சிஸ் விதை இரண்டு மாதத்தில் வளையத்தை இழப்பதை நான் பார்த்ததில்லை.

நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். மகரந்தச் சேர்க்கைக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை, விதையுறையின் புறத்தோல் செல்கள் மியூசிலேஜைச் சுரந்து, வெளிச்சுவருக்கும் செல்லின் நடுப்பகுதிக்கும் இடையே மெதுவடை வடிவில் சேர்த்துவைக்கின்றன. பிறகு அந்த வடையின் ஓட்டை இருக்கும் இடத்தில் இரண்டாம்நிலைச் சுவர் படிந்து, எரிமலை போன்ற ஒரு மேடு உருவாகிறது. அதற்குக் காலுமெல்லா என்று பெயர். முதிர்ந்து காய்ந்த விதை நீரில் விழுந்ததும் மியூசிலேஜ் நீரை வெறியோடு இழுத்து உப்புகிறது, வெளிச்சுவர் பிய்கிறது, சில நொடிகளில் விதை கூழுக்குள் இருக்கிறது.

அந்தக் கூழ் இரண்டு அடுக்கு. வெளியடுக்கு நீரில் கரைந்து பிரிந்து போய்விடும்; உள்ளடுக்கு விதையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு மணி நேரம் ஆட்டி, நீரை உறிஞ்சி எறிந்துவிட்டுச் சாயமிடுகிறீர்கள். ஆகவே படத்தில் தெரிவது உள்ளடுக்கு மட்டுமே. வெளியடுக்கு உங்கள் கழிவுக் குவளையில் இருக்கிறது. இதில் தவறில்லை, ஆனால் ஆய்வேட்டில் 'மியூசிலேஜ் அளவு' என்று எழுதினால் தவறு.

இனி நான்கு கேள்விகள். எந்த நீர்? ஷேக்கர் நிமிடத்திற்கு எத்தனை சுற்று, இரண்டு மாதமும் அதே ஷேக்கர்தானா? சாயக்கரைசல் எப்போது கரைத்தது? விதை எந்த மாதத்தில் அறுவடையானது?

சாயக்குடுவை:

மூன்றாம் கேள்வியைப் பற்றிச் சில சொற்கள். ருத்தேனியம் ரெட்டைப் பெக்டினுக்கான (செல்சுவரில் உள்ள கூழாகும் சர்க்கரைச் சங்கிலி) சாயமாக 1893இல் அறிமுகப்படுத்தியவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லூயி மான்ஜின். நூற்று முப்பது ஆண்டுகளாக நாம் அதையே பயன்படுத்துகிறோம் என்பதால் அது எல்லாவற்றையும் காட்டும் என்ற ஒரு நம்பிக்கை ஆய்வகங்களில் வேரூன்றிவிட்டது. அது நேர்மின்னேற்றமுள்ள சாயம். பெக்டினில் உள்ள, மெத்தில் ஏறாத கார்பாக்சில் தொகுதிகளின் எதிர்மின்னேற்றத்தைத் தேடிப் பிடிக்கிறது. அரபிடாப்சிஸ் மியூசிலேஜின் பெரும்பகுதி ராம்னோகேலக்டுரோனன்-1 என்ற பெக்டின். அதில் ராம்னோஸும் கேலக்டுரோனிக் அமிலமும் மாறிமாறி ஒன்றுக்கு ஒன்று என்று கோத்திருக்கும். எனவே சாயம் நன்றாக ஏறுகிறது. மின்னேற்றமில்லாத பாலிசாக்கரைடு (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) எவ்வளவு இருந்தாலும் இந்தச் சாயத்தின் கண்ணுக்குத் தெரியாது.

சந்தையில் கிடைக்கும் பொடி எல்லாக் குப்பியிலும் ஒரே தூய்மையில் இருப்பதில்லை. கரைசல் வைக்க வைக்க நிறம் மாறிப் பழுப்புச் சாயல் காட்டும். அப்படிக் காட்டினால் இரக்கமில்லாமல் கொட்டிவிடுங்கள். விலையை நினைத்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்பவர்களை நான் அறிவேன், அவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். நான் இப்போது ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் கரைத்து, வடிகட்டி, அலுமினியத் தாள் சுற்றிய குழாயில் வைக்கிறேன்.

இன்னொன்று: நீரை முழுமையாக உறிஞ்சாமல் சாயத்தை ஊற்றினால், கரைந்து நிற்கும் வெளியடுக்கே சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். விதைக்குச் சேர வேண்டியது நடுவழியிலேயே செலவாகிவிடும். சப்ஜாவில் இது மிகக் கூடுதல், ஏனென்றால் கூழ் அவ்வளவு பெரியது.

தளிர்:

இருவருக்கும் நன்றி. ஐயா கேட்ட கேள்விகளுக்குக் குறிப்பேட்டைப் பார்த்து விடையளிக்கிறேன்.

சாயம் செப்டம்பரில் கரைத்தது. அதே குப்பிதான் நவம்பரிலும். பழுப்பு நிறம் தெரிந்ததா என்று கவனிக்கவில்லை. ஷேக்கர் செப்டம்பரில் எங்களுடையது, 125 சுற்று. அக்டோபரில் அதைப் பக்கத்து ஆய்வகத்தார் வாங்கிச் சென்றுவிட்டதால் வேறொன்றைப் பயன்படுத்தினேன். அதில் எண் காட்டி இல்லை, திருகில் 'நடுத்தரம்' என்று பென்சிலால் குறித்திருக்கிறார்கள். விதை மார்ச் மாத அறுவடை.

நீரைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் காய்ச்சி வடிக்கும் கலனின் சூடேற்றும் சுருள் எரிந்துவிட்டது. மாற்றுச் சுருள் வரும்வரை, குழாய் நீரை வாட்மேன் தாளில் வடிகட்டிப் பயன்படுத்தினோம். கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர்.

கடின நீர்:

என் பெயரே விடை சொல்லிவிடும். வடிகட்டித் தாள் மண்ணைப் பிடிக்கும், கால்சியத்தைப் பிடிக்காது. அந்தச் சுருள் ஏன் எரிந்தது என்று கழற்றிப் பார்த்தீர்களா? விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவு இருந்திருக்கும். அந்தப் படிவை உண்டாக்கிய நீரைத்தான் விதைக்கு ஊற்றியிருக்கிறீர்கள்.

பெக்டினின் கார்பாக்சில் தொகுதிகளைக் கால்சியம் அயனி இரண்டு பக்கமும் கைகோத்துப் பிணைத்துவிடும். பிணைந்த கூழ் விரியாது. செறிவாக, விதையோடு ஒட்டி நிற்கும். அதோடு, சாயம் உட்கார வேண்டிய இருக்கையில் கால்சியம் முன்பே உட்கார்ந்திருப்பதால் நிறமும் வெளிறும். நீங்கள் சொன்ன 'ஒடுங்கி வெளிறிய' என்ற இரண்டு அடையாளமும் ஒரே காரணத்தில் அடங்குகின்றன.

நம்ப வேண்டாம், சோதியுங்கள். ஒரே நாளில், ஒரே விதையை நான்கு நீரில் இடுங்கள்: புதிய காய்ச்சி வடித்த நீர் ஒன்று, அந்தக் குழாய் நீர் ஒன்று, காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கலந்தது ஒன்று, 50 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. (பி.எச். 8) ஒன்று. இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பறித்துக்கொள்வதால் கூழ் நன்கு விரிய வேண்டும். கால்சியம் குழியும் குழாய் நீர்க் குழியும் ஒன்றுபோலத் தெரிந்தால் வழக்கு முடிந்தது. இ.டி.டி.ஏ. குழியைச் சாயமிடுவதற்கு முன் இரண்டு முறையாவது நீரால் அலசிவிடுங்கள்.

பழைய பிப்பெட்:

கடின நீர் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் வழக்கு அவ்வளவு விரைவில் முடியாது என்றும் நினைக்கிறேன். 'நடுத்தரம்' என்று பென்சிலால் எழுதிய ஷேக்கர் எனக்கு நீரைவிடக் கூடுதலான கவலை தருகிறது. காரணம், தளிர் ஒப்பிடுவது செசா5 என்பது.

உள்ளடுக்கு விதையோடு ஒட்டி நிற்பதற்குக் காலுமெல்லாவிலிருந்து கதிர்போலக் கிளம்பும் செல்லுலோஸ் இழைகள் ஒரு முக்கியக் காரணம். செசா5 பழுதானால் அந்த இழைகள் குறைகின்றன. கூழ் பிடிமானமில்லாமல் நீரோடு போய்விடுகிறது. 2011இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்ட முடிவு இது. இங்கே கவனிக்க வேண்டியது: மியூசிலேஜின் மொத்த அளவில் பெரிய மாற்றமில்லை, அது இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. ஆட்டாமல் பார்த்தால் செசா5 விதைக்கும் வளையம் தெரியும். ஆட்டிவிட்டுப் பார்த்தால் வளையம் மெலிந்திருக்கும். எவ்வளவு மெலிகிறது என்பது எவ்வளவு வேகமாக ஆட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு ஷேக்கரில் இரண்டு மாதம் செய்த அளவீட்டை ஒரே அட்டவணையில் போட்டால், மரபணுவின் விளைவும் திருகின் விளைவும் கலந்து கிடக்கும்; பிரிக்க வழியில்லை.

ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் ஆட்டாத தட்டு ஒன்றும் ஆட்டிய தட்டு ஒன்றும் இணையாக வேண்டும். ஆட்டாத தட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு: உலர்ந்த விதையை நேரே சாயக்கரைசலில் இடலாம். அப்போது வெளியடுக்கு கலைவதற்கு முன்பே, மேகம்போல, நிறமேறித் தெரியும். கண்ணாடித் தகட்டைச் சற்று அசைத்தாலும் மேகம் கலைந்துவிடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு படமெடுக்க வேண்டும்.

வளையமே தெரியாத விதைகளுக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. 2001இல் மம்1 முதல் மம்5 வரை என்று பெயரிட்டு வெளியான சடுதிமாற்ற வகைகளுள் மம்2வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மியூசிலேஜ் உருவாகிறது, ஆனால் நீரில் போட்டால் வெளியே வருவதில்லை, இ.டி.டி.ஏ. ஊற்றினாலும் அசைவதில்லை. 2007இல் தெரியவந்தது: மம்2 ஒரு பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி, ராம்னோகேலக்டுரோனனின் பக்கக் கிளைகளிலிருந்து கேலக்டோஸை அது கத்தரித்துவிட வேண்டும், கத்தரிக்காவிட்டால் கூழுக்கு நீரை இழுக்கும் ஆற்றல் குறைகிறது. தஜிகிஸ்தானின் ஷாக்தரா என்ற இயற்கை வகையிலேயே இந்த மரபணு பழுதாகிக் கிடக்கிறது. அதன் விதை நீரில் மிதக்கும். மாறாக, பி.எம்.இ.ஐ.6, எஸ்.பி.டி.1.7 ஆகிய மரபணுக்கள் பழுதானால் பெக்டினின் மெத்தில் அளவு மாறிச் சுவர் பிய்யத் தாமதமாகிறது, அவற்றை இ.டி.டி.ஏ. மீட்டுவிடும். வளையம் இல்லை என்ற ஒரே காட்சிக்குப் பின்னால் 'சுரக்கவில்லை', 'வெளியே வரவில்லை', 'வந்து நீரோடு போய்விட்டது' என்று மூன்று வேறு கதைகள் இருக்கின்றன. சாயம் மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க முயல்வது வீண்.

அளவுக்கோடு:

ஐயா சொல்வதன் நீட்சியாக: கழிவுக் குவளையில் கொட்டும் நீரைக் கொட்டாதீர்கள். அதைத் தனிக் குழாயில் எடுத்தால் அதுவே வெளியடுக்கு. விதையில் மிஞ்சியதை வலுவாக ஆட்டிப் பிரித்தெடுத்தால் உள்ளடுக்கு. பந்து ஆலை என்று சொல்லும் அதிர்வுக் கருவியில், பந்து போடாமல், நொடிக்கு 30 அதிர்வு வீதம் பதினைந்து நிமிடம் ஆட்டினால் விதை உடையாமல் கூழ் மட்டும் பிரியும். மீயொலிக் கருவி கொண்டும் பிரிக்கலாம். விதை விரிசல் விட்டால் உள்ளிருக்கும் சர்க்கரைகள் கலந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் விதையை நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். இரண்டிலும் உள்ள சர்க்கரையை, நிறத்தை வைத்து அளக்கும் ஃபீனால்-கந்தக அமில முறையில் அளந்துவிட்டால் வேலை முடிந்தது. மலிவு, எந்தக் கல்லூரியிலும் செய்யலாம்.

சாயக்குடுவை:

ஃபீனால்-கந்தக அமில முறை மட்டும் போதும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1956இல் துப்வாவும் உடனுழைத்தோரும் வெளியிட்ட முறை அது. அவர்களே ஹெக்சோஸை (ஆறு கார்பன் சர்க்கரை) 490 நானோமீட்டரிலும், பென்டோஸையும் (ஐந்து கார்பன் சர்க்கரை) கேலக்டுரோனிக் அமிலம் போன்ற யூரோனிக் அமிலத்தையும் 480 நானோமீட்டரிலும் அளக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சர்க்கரையும் ஒவ்வொரு அளவு நிறம் தருகிறது. கல்லூரிகளில் வழக்கமாகக் குளுக்கோஸை வைத்துத் தரக்கோடு (தெரிந்த அளவுகளின் நிறத்தைக் கொண்டு வரையும் ஒப்பீட்டுக் கோடு) வரைகிறோம். அரபிடாப்சிஸ் மியூசிலேஜில் குளுக்கோஸ் மிகக் குறைவு. பாதிக்குப் பாதி கேலக்டுரோனிக் அமிலம், அது இந்த முறையில் மந்தமாகவே நிறம் காட்டும். கிடைக்கும் எண் எதன் எண் என்று கேட்டால் விடை இருக்காது.

யூரோனிக் அமிலத்திற்கு 1973இல் புளூமென்கிரான்ட்சும் ஆஸ்போ-ஹான்சனும் தந்த மெட்டா-ஹைட்ராக்சிபைஃபீனைல் முறை இருக்கிறது. கந்தக அமிலத்தில் கரைத்த போராக்ஸுடன் மாதிரியைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து, பனிக்கட்டியில் ஆற்றி, வினைப்பொருளைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு வரும். 520 நானோமீட்டரில் படிக்க வேண்டும். நடுநிலைச் சர்க்கரைகள் சூட்டில் பழுப்பாகி எண்ணைக் கூட்டிக் காட்டும் என்பதால், வினைப்பொருள் சேர்க்காத இணைக் குழாய் ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டாயம். கேலக்டுரோனிக் அமிலத்தை வைத்தே தரக்கோடு வரையுங்கள்.

அளவுக்கோடு:

ஏற்கிறேன், 'போதும்' என்று எழுதியது என் அவசரம். ஆனால் இயல்வகைக்கும் செசா5க்கும் சர்க்கரை விகிதம் பெரிதும் மாறாத நிலையில், வெளியடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் இடையே பங்கீடு எப்படி என்று மட்டும் பார்க்க அந்த மலிவு முறை உதவும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். தரக்கோட்டுக்குக் குளுக்கோஸுக்குப் பதிலாக ராம்னோஸும் கேலக்டுரோனிக் அமிலமும் சம அளவில் கலந்த கரைசலை வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை சர்க்கரையாகப் பிரித்தறிய வேண்டுமென்றால், டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தில் நீராற்பகுத்து, எதிரயனிப் பரிமாற்றக் குரோமட்டோகிராஃபிக்கு அனுப்ப வேண்டியதுதான். அதற்குப் பல்கலைக்கழகக் கருவிமையத்தில் வரிசை நிற்க வேண்டும், ஏப்ரலுக்குள் வரிசை நகருமா என்பது வேறு கதை.

பனையோலை:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தளிர் சப்ஜா என்று சொல்வதை நாங்கள் இங்கே கசகசா என்போம். சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதப்பது அதுதான். தமிழ்நாட்டில் கசகசா என்றால் அபின் செடியின் விதை. ஒருமுறை நான் தமிழ்நாட்டு நண்பரிடம் 'கசகசாவின் மியூசிலேஜ்' பற்றி அரை மணி நேரம் தொலைபேசியில் பேசிய பிறகுதான், அவர் ஏன் இவ்வளவு குழம்பினார் என்பது இருவருக்கும் புரிந்தது. ஆகவே ஆய்வேட்டில் ஓசிமம் பேசிலிக்கம் என்ற தாவரப்பெயரை எழுதுங்கள். விதையில் கொஞ்சத்தை முளைக்கவைத்து, பூ வரும்வரை வளர்த்து உறுதிசெய்யுங்கள். கடைப் பொட்டலத்தில் சியா விதையும் கலந்து வருவதுண்டு. சியாவின் மேற்பரப்பில் பளிங்குபோல வரிகள் ஓடும். சப்ஜா ஏறத்தாழ ஒரே கறுப்பு.

அதைவிட முக்கியமானது, அரபிடாப்சிஸுக்கு எழுதிய செய்முறையைச் சப்ஜாவுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது. முப்பது விதையை 500 மைக்ரோலிட்டரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் குழியில் நீரே மிஞ்சாது, எல்லாம் கூழாகிவிடும். குழிக்கு ஒரு விதை, 2 மில்லிலிட்டர் நீர் என்று வையுங்கள். சப்ஜாவின் கூழ் ஆட்டினால் பிரியாது. செல்லுலோஸ் இழைகள் அதை விதையோடு இறுகக் கட்டியிருக்கின்றன. கால்கோஃப்ளூர் வெள்ளையில் சாயமிட்டுப் புறஊதா ஒளியில் பார்த்தால் விதையிலிருந்து நாலா பக்கமும் நூல் நூலாக நீலம் கிளம்பும் காட்சி, முதன்முறை பார்ப்பவரை நாற்காலியிலிருந்து எழவைத்துவிடும். செல்லுலோஸுக்கென்றே பொன்டமைன் ஸ்கார்லெட் 4பி சாயமும் உண்டு. அது கான்ஃபோகல் நுண்ணோக்கி உள்ளவர்களுக்கு.

பிரித்தெடுக்க நாங்கள் செய்வது நாட்டுமுறை: ஊறிய விதையை நைலான் வலையின் மேல் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் மெல்லத் தேய்ப்போம். கூழ் கீழே இறங்கும், விதை மேலே நிற்கும். அந்தக் கூழைப் பிப்பெட்டில் அளந்து எடுக்காதீர்கள். நுனியின் உட்சுவரில் பாதி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு ஒட்டும். நுனியைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி அகலமாக்கி எடுத்து, தராசில் நிறுத்துக் கணக்கிடுங்கள். எத்தனாலில் வீழ்படிவாக்கினால் வெண்ணிற நாராகச் சுருண்டு வரும்; அதை உறைநிலையில் உலர்த்துங்கள். சூட்டு அடுப்பில் உலர்த்தினால் கண்ணாடித்தாள் போன்ற படலமாகிவிடும், மறுபடி கரைப்பதற்குள் பொறுமை கரைந்துவிடும்.

கடின நீர்:

பனையோலை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சப்ஜா, இசப்கோல், ஆளிவிதை என்று வேறு வேறு விதைகளை ருத்தேனியம் ரெட்டின் நிறச் செறிவை வைத்து ஒப்பிட்டு, எதில் மியூசிலேஜ் கூடுதல் என்று முடிவுகட்டும் ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். இசப்கோல் உமியின் பெரும்பகுதி அராபினோசைலன். அதில் சாயம் பிடிக்கும் மின்னேற்றம் குறைவு. ஆளிவிதையில் அராபினோசைலனும் ராம்னோகேலக்டுரோனனும் கலந்திருக்கின்றன. சாயத்தின் சிவப்பை வைத்து இவற்றை வரிசைப்படுத்துவது, தோலின் நிறம் பார்த்து மாம்பழத்தின் எடையைச் சொல்வது போன்றது. இனம் தாண்டிய ஒப்பீட்டுக்கு மருந்தியல் நூல்களில் உள்ள வீக்கக் குறியீடு நேர்மையான எண்: 1 கிராம் விதையை 25 மில்லிலிட்டர் அளவுக்குழாயில் இட்டு, நீர் ஊற்றி, முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை குலுக்கி, மூன்று மணி நேரம் விட்டு, விதை பிடித்திருக்கும் கனஅளவைப் படிக்க வேண்டும். எளிமையானது என்பதால் நம்மவர்கள் மதிப்பதில்லை.

வெந்தயத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. ஊறிய வெந்தயத்தின் வழவழப்புக்குக் காரணமான கேலக்டோமன்னன் விதையுறையில் இல்லை, உள்ளே முளைசூழ்தசையில் இருக்கிறது. அது வேறு ஆய்வு.

தளிர்:

ஒரு வாரமாக எழுதாததற்குப் பொறுத்தருள வேண்டும். மாற்றுச் சுருள் வந்து, காய்ச்சி வடித்த நீர் மீண்டும் கிடைத்துவிட்டது. (பழைய சுருளைக் கழற்றிப் பார்த்தேன், கடின நீர் ஐயா சொன்னபடியே சுண்ணாம்பு பூசிய கழிபோல இருந்தது.) சாயத்தைப் புதிதாகக் கரைத்தேன். எங்கள் ஷேக்கரைத் திரும்ப வாங்கி 125 சுற்றில் வைத்தேன். நான்கு நீர்ச் சோதனையை ஒரே நாளில், எந்தக் குழியில் எது என்று தோழி மட்டும் அறிந்திருக்க, நான் அறியாமல் அளந்தேன்.

குழாய் நீர்க் குழியும் கால்சியம் குழியும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதபடி ஒடுங்கிய வளையமே காட்டின. இ.டி.டி.ஏ. குழியில் வளையம் விரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் செப்டம்பர்ப் படங்களைப் போன்ற வளையம் வந்தது, ஆனால் எல்லாக் குழிகளிலும் வரவில்லை. ஆறில் இரண்டு குழிகள் இன்னமும் வெளிறியே இருந்தன. அந்த இரண்டிலும் விதைக்கு மிக அருகில் வளையம் அடர்ந்தும், விளிம்பு மங்கியும் இருந்தது. ஆட்டாத தட்டிலும் இதே நிலை. ஆகவே ஷேக்கர் காரணமில்லை. விதை ஒரே குப்பி, நீர் ஒன்று, சாயம் ஒன்று. இப்போது எனக்கு எதுவும் புரியவில்லை.

பழைய பிப்பெட்:

நல்ல செய்தி இது. நான்கு குழி சரியாகிவிட்டதென்றால் விதை பழுதில்லை என்பது உறுதியாகிவிட்டது.

அடர்ந்த உள்பகுதி, மங்கிய விளிம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் நன்கு விரிந்து, சாயமும் ஏறி, அதன் பிறகு ஏதோ ஒன்று விளிம்பிலிருந்து உள்நோக்கி வேலை செய்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. விதை தொடக்கத்திலேயே கடின நீரில் விழுந்திருந்தால் இப்படித் தெரியாது. சாயத்திற்குப் பிறகு என்ன செய்கிறீர்கள்? 'ஒருமுறை கழுவி' என்று முதல் பதிவில் இருக்கிறது. எதனால் கழுவினீர்கள், ஆறு குழிகளையும் ஒருவரே கழுவினாரா?

தளிர்:

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இப்போதுதான் ஆய்வகத்திற்குப் போய்வந்தேன். முதல் நான்கு குழிகளை நான் கழுவினேன், புதிய நீரைப் பிப்பெட்டில் எடுத்து. கடைசி இரண்டைத் தோழி கழுவினாள், மேசையில் இருந்த வாஷ் பாட்டிலால். அந்தப் பாட்டிலை அக்டோபரில் நிரப்பியது நான்தான். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

நவம்பரில் வளையமே தெரியாத அந்த இரண்டு குழிகளையும் அதே பாட்டிலால்தான் கழுவியிருக்கிறேன். குறிப்பேட்டின் ஓரத்தில் 'நுனி தீர்ந்துவிட்டது, பாட்டிலால் கழுவினேன்' என்று இருக்கிறது.

பாட்டிலை அமிலத்தில் ஊறவைத்திருக்கிறேன். நாளை காலை இயல்வகையும் செசா5ம், ஆட்டியதும் ஆட்டாததுமாக நான்கு தட்டுகளை முதலிலிருந்து தொடங்குகிறேன். வெளியடுக்கு நீரை இந்த முறை கொட்டப்போவதில்லை. அதற்குக் குழாய்களில் பெயரெழுதி வைத்துவிட்டேன். அக்டோபர், நவம்பர் படங்களை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிடலாமா, அல்லது கால்சியச் சோதனையாக ஒரு பக்கத்தில் சேர்க்கலாமா?

பழைய பிப்பெட்:

அந்த நீரில் கால்சியம் எவ்வளவு என்று இ.டி.டி.ஏ. தரம்பார்த்தலில் கண்டு எழுத முடியுமானால் சேருங்கள், முடியாவிட்டால் நீக்குங்கள். குழாய் இன்னும் அங்கேதானே இருக்கிறது, ஒரு பியூரெட் கிடைத்தால் நாளை மதியத்திற்குள் தெரிந்துவிடும்.